கேஸ்டிரிக் மருந்து டெஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிறாங்க, கையெழுத்து போடலாமா?

லயத்துப்பையன் | திங்கள், இரவு 11.40

வணக்கம் மக்களே. இங்க ரெண்டு வருஷமா சும்மா படிச்சிட்டு போற ஆளு நானு, எழுதுறது இதான் மொத தடவை, நீளமா போச்சின்னா கோவிச்சிக்காதீங்க.

வயசு 41. சுங்கை சிப்புட்ல செம்பனை மில்லு வேலை, ஷிப்ட்டு. பிரச்சினை வயிறு. நாலு வாய் சோறு உள்ள போனா போதும், அஞ்சாவது வாய்க்கு எடமே இல்ல, தொண்டை வரைக்கும் வந்து நிக்கிது. சாப்ட்டு மூணு மணி நேரம் ஆனாலும் இப்பதான் எழுந்த மாதிரி மந்தம், ஏப்பம் வரும் ஆனா வந்தும் நிம்மதி இல்ல. மொதல்ல ஊர் கிளினிக்ல கேஸ்டிரிக்னு மாத்திரை கொடுத்தாங்க, அப்புறம் பார்மசில ஒண்ணு, அப்புறம் அத்தை சொன்ன ஓமத்தண்ணி, கோடாலித் தைலத்த தொப்புள்ள தடவுறது வரைக்கும் எல்லாம் பாத்தாச்சி. கடைசில ஈப்போவுல வாய் வழியா கேமரா குழாய் விட்டு ஸ்கோப் போட்டாங்க. டாக்டர் படத்த காட்டி புண்ணு இல்ல, கட்டி இல்ல, சுத்தமா இருக்குன்னாரு. சந்தோஷப்படணும் தான் ஆனா எனக்கு கடுப்பு தான் வந்துச்சி, ஒண்ணும் இல்லன்னா நான் ஏன் இப்படி இருக்கேன்? இதுக்கு பேரு ஃபங்க்ஷனல் டிஸ்பெப்சியாவாம். உறுப்பு நல்லா இருக்கு, அது வேலை செய்யிற விதந்தான் சரியில்லன்னு சொன்னாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அங்கயே ஒரு மருந்து டெஸ்ட்டு நடக்குது, சேர்றீங்களான்னு கேட்டாங்க. 8 வாரம், சாப்பாட்டுக்கு முந்தி ஒண்ணு ஒண்ணா நாளைக்கி மூணு மாத்திரை. பாதி பேருக்கு உண்மையான மருந்து, பாதி பேருக்கு டம்மி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாதாம். 14 பக்கத்துக்கு போரம் கொடுத்திருக்காங்க, தமிழ்லயும் இருக்கு, ஆனா அந்த தமிழ படிக்கிறதுக்கு மலாயே தேவல.

அம்மா கேட்டதும் ஒரே சத்தம். நம்மள எலியாக்கி பாக்குறானுங்க, உங்க தாத்தாவ தோட்டத்துல காலைல ஆள் எண்ணுற பெரட்டுல நிக்க வச்சி வாயத் தொறடான்னு மலேரியா மருந்து கொய்னா ஊத்தினானுங்களே அதே கதைதான்னு. எனக்கும் ரெண்டு மனசா இருக்கு. ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டிட்டு போயி மாவு மாத்திரை வாங்கிட்டு வரவா? வியாழக்கிழம பதில் சொல்லணும். யாராவது இந்த மாதிரி சேந்திருக்கீங்களா?

கோப்பி_ஓ | திங்கள், இரவு 11.58

ராத்திரி 12 மணிக்கி போஸ்ட் போடுற ஆளுக்கு வயிறு எப்படிப்பா சரியா இருக்கும். ஷிப்ட் முடிஞ்சி மாமாக் கடையில மேகி கோரெங், தே தாரே, அப்புறம் நேரா படுக்கை. நான் சொல்றது சரியா இல்லையா?

லயத்துப்பையன் | செவ்வாய், காலை 12.05

அலமாக். சரிதான். ஆனா மேகிய விட்டு ஆறு மாசம் ஆச்சி அண்ணே. இட்லி சாப்ட்டாலும் இதே கதைதான்.

நேர்பேச்சு | செவ்வாய், காலை 7.15

தம்பி நான் நேரா சொல்லிடுறேன். போவாதீங்க. மருந்து கம்பெனிக்கு ஆள் வேணும், கோலாலம்பூர்ல இருக்கிறவன் வக்கீல் வச்சி கேள்வி கேப்பான், தோட்டத்து ஆளு கேக்க மாட்டான், அதான் நம்ம பக்கம் வரானுங்க. பாதி பேருக்கு டம்மின்னு அவங்களே சொல்றாங்க பாருங்க, நோயாளின்னு வந்தவனுக்கு தெரிஞ்சே மருந்தில்லாத மாத்திரை கொடுக்கிறது எந்த ஊர் நியாயம்? எங்க அப்பா 30 வருஷம் பால் மரம் வெட்டினாரு, தோட்டத்து டிரஸ்ஸர் எல்லா நோய்க்கும் ஒரே கலர் தண்ணி மருந்து தான் கொடுப்பாரு, தலைவலிக்கும் அதான் பேதிக்கும் அதான். அதுவும் ஒரு வகை டெஸ்ட்டு தான் போல.

சம்பல்ராணி | செவ்வாய், காலை 9.30

லயத்துப்பையன், ஒண்ணு கேக்கணும். எச்.பைலோரி பாத்தாங்களா? அது வயித்துல இருக்கிற கிருமி. எனக்கும் உங்க மாதிரியே தான் இருந்துச்சி, நாலு வருஷம் கேஸ்டிரிக் கேஸ்டிரிக்னு சொல்லியே ஓட்டிட்டாங்க, அப்புறம் மூச்சு டெஸ்ட்டுல அந்த கிருமின்னு தெரிஞ்சி ரெண்டு வகை ஆன்டிபயாடிக்கும் ஆசிட்ட கொறைக்கிற ஒரு மாத்திரையும் சேத்து ரெண்டு வாரம் போட்டேன். வாயெல்லாம் இரும்பு கசப்பு, ஆனா ஆறு மாசத்துல பரவால்ல. நம்ம மலேசியாவுல இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இது மலாய்க்காரங்கள விட நெறைய இருக்குன்னு மலாயா பல்கலைக்கழக டாக்டருங்க பல வருஷமா எழுதிட்டு வராங்க. அதனால நம்ம ஆளுங்க இத கேக்காம விடவே கூடாது.

லயத்துப்பையன் | செவ்வாய், காலை 10.02

ஸ்கோப்ல எடுத்த துண்டுல இல்லன்னு வந்துச்சி அக்கா. ஆனா அப்ப நான் ஓமெப்ரசோல்னு ஆசிட் மாத்திரை போட்டுட்டு இருந்தேன்.

சம்பல்ராணி | செவ்வாய், காலை 10.10

அப்ப அந்த ரிசல்ட்ட முழுசா நம்பாதீங்க. ஆசிட் மாத்திரைய ரெண்டு வாரம் நிறுத்திட்டு, ஆன்டிபயாடிக் போட்டிருந்தா நாலு வாரம் கழிச்சி தான் பாக்கணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். திரும்ப மூச்சு டெஸ்ட்டு கேளுங்க.

பார்மசி_தம்பி | செவ்வாய், மதியம் 1.20

அக்கா சொன்னது சரி, கண்டிப்பா கேளுங்க. ஒரே ஒரு விஷயம் சேத்துக்குறேன், கிருமிய கொன்னுட்டா எல்லாருக்கும் இந்த மந்தம் போயிடும்னு நெனச்சிடாதீங்க. சுமார் 14, 15 பேருக்கு மருந்து கொடுத்தா அதுல ஒருத்தருக்கு தான் அந்த மருந்தாலயே கூடுதலா குணம் கிடைக்குது, அதுவும் மாசக்கணக்குல ஆகும். அக்கா அந்த ஒருத்தரா இருந்திருக்கலாம். ஆனாலும் அல்சர், கேன்சர் பயத்துக்காகவே அத ஒழிக்கிறது நல்லது. அந்த கிருமிய கண்டுபிடிச்ச பேரி மார்ஷல் யாரும் நம்பலன்னு 1984ல தானே ஒரு கிளாஸ்ல கலக்கி குடிச்சாரு, வயித்து வீக்கம் வந்துச்சி, 2005ல ராபின் வாரனோட சேந்து நோபல் வாங்கினாரு. எலியாவுறதுன்னா அது தான், அவரு வீட்டம்மா கிட்ட கூட முன்கூட்டி சொல்லல.

கோப்பி_ஓ | செவ்வாய், மதியம் 1.31

சொல்லிருந்தா நோபலும் இருந்திருக்காது லா.

மிஸ்ஸி_அக்கா | செவ்வாய், இரவு 8.45

ரவுண்டு முடிச்சி இப்பதான் படிக்கிறேன். நான் மிஸ்ஸி, அதாவது நர்சு, இந்த மாதிரி மருந்து ஆராய்ச்சி யூனிட்ல அஞ்சு வருஷம் வேலை செஞ்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். நேர்பேச்சு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, டம்மி கொடுக்கிறது ஏன்?

வேற நோயா இருந்தா அளக்க ஏதாச்சும் இருக்கும். இனிப்பு நீருக்கு ரத்தத்துல சர்க்கரை, ரத்த கொதிப்புக்கு மிஷின். இந்த நோய்ல ஸ்கோப்பும் சுத்தம், ரத்தமும் சுத்தம், அளக்கிறதுக்கு நோயாளி வாய் வார்த்தை மட்டும் தான் இருக்கு. அந்த வாய் வார்த்தை டம்மி மாத்திரைக்கே மாறிடும். டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டு கூடும் கொறையும், ஆனா பத்து பேருக்கு டம்மி கொடுத்தா நாலு பேரு "இப்ப பரவால்ல மிஸ்ஸி" ன்னு தான் வருவாங்க. பொய் சொல்றாங்கன்னு நெனைக்காதீங்க, நெசமாவே கொறையும். ஒருத்தரு நம்மள உக்கார வச்சி பத்து நிமிஷம் கேக்குறாரு, தேதி போட்டு வர சொல்றாரு, பயம் கொறையுது. அதோட இந்த வயிறு தானாவே ஏறும் எறங்கும், ரொம்ப முடியாத நேரத்துல தானே டாக்டர் கிட்ட போறோம், அப்புறம் எப்படியும் எறங்கத்தான் செய்யும்.

இடோப்ரைடுன்னு ஒரு மருந்து, வயித்த வேகமா தள்ளி விடுற ரகம். 2006ல ஜெர்மனியில 554 பேர வச்சி பாத்த ஆராய்ச்சி பெரிய பத்திரிகையில வந்துச்சி. டம்மி போட்டவங்கள்ல நூத்துக்கு 41 பேருக்கு குணம், மருந்து போட்டவங்களுக்கு டோஸ பொறுத்து 57லேர்ந்து 64. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. அடுத்து அதே மருந்த வச்சி இன்னும் ரெண்டு டெஸ்ட்டு நடத்தி 2008ல போட்டாங்க, மருந்தும் டம்மியும் ஒரே மாதிரி தான் வந்துச்சி. டம்மி மட்டும் இல்லாம இருந்திருந்தா மருந்து போட்டவங்க குணமானத பாத்து ஊரே அத வாங்கி தின்னுருக்கும்.

டாக்டருக்கும் ஏன் தெரியக்கூடாதுன்னா, அவரு மூஞ்சே காட்டிக் கொடுத்திடும். நான் பாத்திருக்கேன், பேஷண்டு கதவுல நொழையும்போதே இவருக்கு கண்டிப்பா மருந்து தான்னு ஒரு டாக்டர் நெனச்சிட்டா கேள்வியே மாறிடும், "நல்லா இருக்கீங்க தானே" ன்னு கேப்பாரு, "எப்படி இருக்கு" ன்னு கேக்க மாட்டாரு.

லயத்துப்பையன், தம்பி, இப்ப உங்க போரத்த எடுங்க. மொத பக்கத்துல என்.எம்.ஆர்.ஆர். நம்பர் இருக்கான்னு பாருங்க, அது நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி பதிவு. நெறிமுறை கமிட்டி ஒப்புதல் இருக்கணும், சுகாதார அமைச்சு எடமா இருந்தா எம்.ஆர்.இ.சி.ன்னு போட்டிருக்கும், அந்த கமிட்டி போன் நம்பரும் கடைசி பக்கத்துல இருக்கணும், டாக்டர் நம்பர் மட்டும் போதாது. பதிவு ஆகாத மருந்தா இருந்தா மருந்துகள கட்டுப்படுத்துற என்.பி.ஆர்.ஏ. தனி அனுமதி கொடுத்திருக்கணும். அப்புறம் இதெல்லாம் வாய தொறந்து கேளுங்க: மருந்தால ஏதாச்சும் ஆனா யாரு செலவு, இன்சூரன்ஸ் இருக்கா, வலி தாங்கலன்னா இடையில எந்த மாத்திரை போடலாம், நடுவுல வெளிய வந்தா என்னோட வழக்கமான சிகிச்சை தொடருமா, 8 வாரம் முடிஞ்சதும் என்னா கொடுப்பீங்க. கடைசி கேள்விய யாருமே கேக்க மாட்டாங்க, அது தான் முக்கியம்.

போக வர பெட்ரோல் காசு, சாப்பாட்டு காசு கொடுப்பாங்க. அதுக்கு மேல பெரிய தொகைய காட்டி ஆச காட்டினா எழுந்து வந்திடுங்க.

நேர்பேச்சு | செவ்வாய், இரவு 9.20

மிஸ்ஸி நல்லா வெளக்கினீங்க, மறுக்கல. ஆனா நான் கேட்டதுல பாதிக்கு தான் பதில். டம்மி விஞ்ஞானத்துக்கு நல்லது, சரி. இந்த தம்பிக்கு என்னா நல்லது? ரெண்டு மாசம் மாவு தின்னுட்டு வேலைக்கி போவணுமா?

பார்மசி_தம்பி | செவ்வாய், இரவு 10.15

அண்ணே, அதுக்கு கணக்கு பாக்கணும். டெஸ்ட்டுல சேராம இருந்தா அவருக்கு கையில இருக்கிற மருந்து என்னா?

ஆசிட் மாத்திரை, எரிச்சல் உள்ளவங்களுக்கு கொஞ்சம் கேக்கும், இவருக்கு மந்தம் தான் பிரச்சினை, ஏற்கனவே போட்டு பாத்துட்டாரு. டொம்பெரிடோன், நம்ம ஆளுங்க கடையில வந்து பேர சொல்லியே கேப்பாங்க, அது இதய துடிப்ப கொழப்பும்னு 2014ல ஐரோப்பாவுல கட்டுப்படுத்தி வாந்தி கொமட்டலுக்கு மட்டும், நாளைக்கி 30 மில்லிகிராமுக்கு மேல வேணாம், ஒரு வாரத்துக்கு மேல வேணாம்னுட்டாங்க. அதுக்கு அண்ணன் சிசாப்ரைடு, அத 2000லயே அமெரிக்கா கடையிலேர்ந்து எடுத்துட்டாங்க, அதுவும் இதயம் தான். மெட்டோக்ளோப்ரமைடு மாசக்கணக்குல போட்டா வாய், நாக்கு தானா ஆட ஆரம்பிக்கும், சிலருக்கு நிறுத்தினாலும் நிக்காது.

அமிட்ரிப்டிலின்னு ஒரு பழைய மருந்து, மனச்சோர்வுக்கு கொடுக்கிறது, கொறஞ்ச டோஸ்ல வயித்து நரம்ப அமத்தும். 2015ல அமெரிக்காவுல, கனடாவுல 292 பேர வச்சி பாத்தாங்க, டம்மிக்கு நூத்துக்கு 40, இதுக்கு 53, எஸ்சிடலோப்ராம்னு புது மருந்துக்கு 38, அதாவது டம்மிய விட கொறைவு! அதுலயும் வலி உள்ளவங்களுக்கு தான் கேட்டுச்சி. ஹாங்காங்ல அதே ரகத்துல இமிப்ரமைன், 2018ல வந்துச்சி, 107 பேர், டம்மிக்கு 36, மருந்துக்கு 63 சொச்சம். நல்லா இருக்கு, ஆனா தூக்கமும் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் கூடவே வரும். மில்லுல மிஷின் கிட்ட நிக்கிற ஆளுக்கு தூக்க மருந்து யோசிச்சி தான் கொடுக்கணும்.

ஜப்பான்ல 2013லேர்ந்து அகோடியமைடு இருக்கு, இந்த சாப்பாட்டு மந்தத்துக்குன்னே வந்த மருந்து. டெஸ்ட்டுல மருந்துக்கு 52, டம்மிக்கு 35 கிட்ட.

நேர்பேச்சு | செவ்வாய், இரவு 10.31

52லேர்ந்து 35 போனா 17. அப்ப ஆறு பேரு தின்னா ஒருத்தனுக்கு தான் மருந்தால லாபம். இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?

பார்மசி_தம்பி | செவ்வாய், இரவு 10.40

கணக்கு சரியா போட்டீங்க அண்ணே, இந்த நோய்க்கு அது நல்ல நம்பர். இன்னொண்ணும் சொல்லிடுறேன், சாப்ட்டப்புறம் மந்தம், மேல்வயிறு உப்புசம், சீக்கிரமே வயிறு நெறையிறது, இந்த மூணு தொந்தரவும் சுத்தமா போனவங்கன்னு பாத்தா மருந்துல நூத்துக்கு 15 பேரு, டம்மில 9. அதனால தான் இன்னும் புதுசு புதுசா டெஸ்ட்டு நடக்குது. தம்பி கிட்ட இருக்கிற மருந்தெல்லாம் இந்த லட்சணம்ங்கிறப்ப 8 வாரம் டம்மி கெடச்சா பெருசா ஒண்ணும் எழக்கப் போறதில்ல. இதே நெஞ்சு வலிக்கு டம்மி தரேன்னு சொல்லியிருந்தா நானே ஓடிப்போன்னு சொல்லிருப்பேன்.

கோப்பி_ஓ | செவ்வாய், இரவு 10.52

நம்ம வீட்டு மஞ்சள விட்டுட்டீங்களே. தாய்லாந்துல மஞ்சளும் ஓமெப்ரசோலும் சமம்னு நிரூபிச்சிட்டாங்கன்னு குடும்ப வாட்ஸ்அப்ல சித்தி தெனம் அனுப்புறாங்க.

பார்மசி_தம்பி | செவ்வாய், இரவு 11.06

சித்தி பொய் சொல்லல. 2023ல வந்துச்சி, 206 பேரு, ஒரு கூட்டத்துக்கு மஞ்சள்ல இருக்கிற குர்குமின், ஒண்ணுக்கு ஓமெப்ரசோல், ஒண்ணுக்கு ரெண்டும். மூணு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நல்லாச்சி. ஆனா மிஸ்ஸி அக்கா சொன்னத இங்க வச்சி பாருங்க, அதுல டம்மி கூட்டமே இல்ல. மூணும் சமம்னா மூணும் வேலை செஞ்சிதா, இல்ல மூணுமே அந்த பத்துல நாலு கதையா? அத வச்சி சொல்ல முடியாது. அப்புறம் அவங்க கொடுத்தது நாளைக்கி ரெண்டு கிராம் குர்குமின், மஞ்சத்தூள்ல நூத்துக்கு மூணு பங்கு கிட்ட தான் அது இருக்கும். ரசத்துல போடுற சிட்டிகைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சம்பல்ராணி | செவ்வாய், இரவு 11.20

வாட்ஸ்அப் மருந்துன்னதும் ஞாபகம் வந்துச்சி. எங்க மாமா பாசார் மாலாம்ல வாயுவுக்குன்னு காட்டு மருந்து காப்சூல் வாங்கி சாப்ட்டாரு, ஒரு மாசம் ராஜா மாதிரி இருந்தாரு, அப்புறம் கருப்பா கழிய ஆரம்பிச்சி ரத்தம் ஏத்துற அளவுக்கு போச்சி. காப்சூல்ல ஸ்டீராய்டு கலந்திருந்துச்சாம். அரசாங்கத்துல பதிவான மால் நம்பர் இல்லாதத வாயில வைக்காதீங்க. அது எந்த போரமும் இல்லாம நடக்குற டெஸ்ட்டு.

ஓய்வு_வாத்தியார் | புதன், காலை 6.10

அனைவருக்கும் காலை வணக்கம். லயத்துப்பையன், உங்க அம்மா கோபத்துல ஞாயம் இருக்கு, ஆனா அது கொய்னாவோட ஆரம்பிக்கல. பெரிய கதை ஒண்ணு இருக்கு, நான் தமிழ்ப்பள்ளியில படிச்சு கொடுத்த காலத்துல எந்த பாடப்புத்தகத்திலயும் அது இல்ல.

அந்த காலத்து மலாயாவுல பெரிபெரின்னு ஒரு நோய், கால் மரத்து, வீங்கி, நெஞ்சடைச்சு சாவாங்க. ஈயச்சுரங்கத்து சீனர்களுக்கு கொத்து கொத்தா வந்துச்சு, தோட்டத்து தமிழர்களுக்கு வரவே இல்லைங்கிற அளவுக்கு அபூர்வம். நெகிரி செம்பிலான்ல இருந்த பிராடன்னு ஒரு டாக்டர் கவனிச்சார், தமிழர்கள் சாப்பிடுறது புழுங்கல் அரிசி, சீனர்கள் சாப்பிடுறது தீட்டின வெள்ளை அரிசி. இத சோதிக்க 1905 டிசம்பர்ல வில்லியம் பிளெட்சர்ங்கிற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் விடுதில இருந்தவங்கள சாப்பாட்டு கொட்டகையில வரிசையா நிக்க வச்சு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினார். ஒற்றைப்படை ஆளுங்க கிழக்கு வார்டு, பழையபடி வெள்ளை அரிசி. இரட்டைப்படை ஆளுங்க மேற்கு வார்டு, புழுங்கல் அரிசி. மத்த சாப்பாடெல்லாம் ஒண்ணே. ஒரு வருஷத்துல வெள்ளை அரிசி வார்டுல 18 பேர் பெரிபெரியில இறந்தாங்க. புழுங்கல் அரிசி வார்டுல அந்த நோய்ல ஒருத்தர் கூட சாகல. அப்புறம் பிரேசர், ஸ்டாண்டன்னு ரெண்டு பேர் ஜெலுபு காட்டுல ரோடு போட்ட ஜாவாக்காரங்கள வச்சு அதையே உறுதிப்படுத்தினாங்க. தவிட்டுல இருக்கிற சத்து, பின்னாடி தயாமின்னு பேர் வச்சாங்க, நெல்ல அவிக்கும்போது அரிசிக்குள்ள எறங்கிடுது.

இங்க பாருங்க, வரிசையில நிக்க வச்சு ஒற்றை இரட்டை பிரிச்சது, நீங்க இப்ப கேக்குற பாதிக்கு மருந்து பாதிக்கு டம்மிக்கு தாத்தா மாதிரி. அதனால உலகத்துக்கே நன்மை. ஆனா அந்த ஒற்றைப்படைக்காரன் கிட்ட யாரும் 14 பக்க போரம் நீட்டல. வேணாம்னு சொல்லவும், நான் மேற்கு வார்டுக்கு போறேன்னு கேக்கவும் அவனுக்கு வழி இல்ல. அவங்க பேர் கூட நமக்கு தெரியாது. நேர்பேச்சு சொன்ன "கேள்வி கேக்காத ஆள்" அது தான்.

அந்த போரத்த முழுசா படிங்க தம்பி, தமிழ் கரடுமுரடா இருந்தா பக்கத்த எழுதி போடுங்க, நான் புரியிற தமிழ்ல எழுதி தரேன்.

நேர்பேச்சு | புதன், காலை 7.40

வாத்தியாரே, காலையிலயே மனச பெசஞ்சிட்டீங்க. நான் சொன்னத கொஞ்சம் மாத்திக்குறேன். போவாதீங்கன்னு இனிமே சொல்லல, கேக்காம போவாதீங்க.

லயத்துப்பையன் | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா எழுதினத அம்மாவுக்கு படிச்சி காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "புழுங்கலரிசின்னா தெம்புன்னு எங்க அப்பாயி அப்பவே சொல்லும், அத கண்டுபிடிக்க 18 உசுரா" ன்னாங்க. அப்புறம் போயி படுத்துட்டாங்க.

பார்மசி தம்பி, சாப்பாடு உள்ள போனா மேல்வயிறு தளந்து எடம் கொடுக்கணும், எனக்கு அது தளர மாட்டேங்கிதுன்னு டாக்டர் சொன்னது இப்பதான் எனக்கு வேற மாதிரி வெளங்குது. மில்லுல குலை கொட்டுற ரேம்ப் இருக்கே, கீழ கதவு சரியா தொறக்கலன்னா லோரி மேலயே நிக்கும், மூணு லோரி வந்தா போதும் ரோடு வரைக்கும் நெரிசல். என் வயிறு அந்த ரேம்ப் தான்.

வியாழக்கிழம போயி மிஸ்ஸி அக்கா சொன்ன கேள்வியெல்லாம் கேக்குறேன்.

லயத்துப்பையன் | வெள்ளி, காலை 11.15

கேட்டேன். கையில எழுதிட்டு போயி ஒண்ணொண்ணா கேட்டேன், டாக்டர் சின்ன வயசு சீனப் பொண்ணு, கோவிச்சிக்கல, உக்காந்து அரை மணி நேரம் பதில் சொன்னாங்க. நம்பர் இருக்கு, கமிட்டி போன் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. வலி வந்தா போட ஒரு வெள்ளத் தண்ணி மருந்து கொடுப்பாங்க. 8 வாரம் முடிஞ்சதும் என்னான்னு கேட்டதுக்கு கொஞ்சம் யோசிச்சாங்க, இந்த மருந்த தொடர்ந்து தர முடியாது, ஆனா கிளினிக்ல வழக்கமான சிகிச்சைக்கு தேதி போடுறோம்னு போரத்துலயே கையால எழுதி சைன் பண்ணாங்க. ஓமெப்ரசோல் ரெண்டு வாரம் நிறுத்தி மூச்சு டெஸ்ட்டு எடுத்துட்டு தான் சேப்பாங்களாம். சம்பல்ராணி அக்கா சொன்ன அதே தான். கிருமி இருந்தா டெஸ்ட்டுல எடம் இல்ல, மொதல்ல அதுக்கு மருந்து.

மிஸ்ஸி_அக்கா | வெள்ளி, மதியம் 2.00

நல்ல டாக்டர். அந்த ரெண்டு வாரம் எரிச்சல் கூடும், பயப்படாதீங்க. எடை கொறைஞ்சா, முழுங்க கஷ்டமா இருந்தா, கருப்பா போனா தேதிக்கு காத்திருக்காம ஓடுங்க.

லயத்துப்பையன் | நாலு வாரம் கழிச்சி, ஞாயிறு, மாலை 5.20

இந்த இழைய தேடி கண்டுபிடிக்கவே நேரமாச்சி. கிருமி இல்ல. சேந்துட்டேன். மாத்திரை ஆரம்பிச்சி ரெண்டு வாரம் ஆவுது. தெனம் ராத்திரி டைரில எவ்ளோ மந்தம், எவ்ளோ சாப்ட்டேன்னு நம்பர் போடணும். அது ஒரு கூத்து, பகல் ஷிப்ட் வாரத்துல நம்பர் எறங்குது, ராத்திரி ஷிப்ட் வந்தா ஏறுது. மாத்திரை ரெண்டு வாரமும் ஒண்ணு தான். கோப்பி ஓ அண்ணே நீங்க சிரிக்க வேணாம்.

மருந்தா டம்மியான்னு வீட்டுல பட்டிமன்றம். தம்பி ஒண்ண ஒடச்சி நக்கி பாத்துட்டு கசக்குது, மருந்து தான்னான். டம்மியும் கசக்கும்படி தான் செஞ்சிருப்பாங்கன்னு மிஸ்ஸி அக்கா சொல்லாமலே எனக்கு தெரியும் இப்ப.

கோப்பி_ஓ | ஞாயிறு, மாலை 5.34

சிரிக்கல. தே தாரே குடிச்சிட்டு இருக்கேன், பொறையேறிடுச்சி.

லயத்துப்பையன் | அடுத்த வெள்ளி, இரவு 10.10

மக்களே, மானம் போச்சி. நேத்து செக்கப். மிஞ்சின மாத்திரைய எடுத்துட்டு போவணும், எண்ணுவாங்க. எண்ணினா ஆறு கொறையிது. தம்பி ஒடச்சது ஒண்ணு, அத ஒத்துக்கிட்டேன். மீதி அஞ்சி? நான் ஒரு வேள கூட தப்பு பண்ணல, சத்தியமா. அந்த ரிசர்ச் மிஸ்ஸி என்னயவே பாக்குறாங்க, கூட போட்டீங்களான்னு.

வீட்டுக்கு வந்து அம்மாவ கேட்டா, அமைதியா சொல்றாங்க, அடுத்த லைன் பெரியம்மாவுக்கு வாயு தொந்தரவுன்னு அழுதுச்சாம், அஞ்சி கொடுத்தாங்களாம். எந்த அம்மா? எலியாக்குறானுங்கன்னு ஊர கூட்டின அதே அம்மா! ராத்திரியே ரிசர்ச் மிஸ்ஸிக்கு போன் பண்ணி ஒப்புக்கிட்டேன். திட்டல, ஆனா உடனே அந்த பெரியம்மா வயசு, என்னென்ன மாத்திரை போடுறாங்க, ரத்த கொதிப்பு இருக்கா, நெஞ்சு படபடப்பு இருந்துச்சான்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க, பெரியம்மா கிட்டயே போன கொடுக்க சொல்லி பேசினாங்க. இதயம் சம்பந்தப்பட்ட கேள்விய ரெண்டு தடவ கேட்டாங்க. இனிமே பாட்டில அலமாரில வச்சி பூட்ட சொல்லியாச்சி.

மிஸ்ஸி_அக்கா | வெள்ளி, இரவு 10.25

போன் பண்ணீங்களே, அதுவே பெரிய விஷயம் தம்பி. எங்க யூனிட்ல ஒருத்தர் கோழிக்கு போட்டிருக்காரு. பெரியம்மா இப்ப எப்படி இருக்காங்க?

லயத்துப்பையன் | வெள்ளி, இரவு 10.32

அத ஏன் கேக்குறீங்க. மருந்தா மாவான்னு எனக்கே தெரியாது, ஆனா பெரியம்மா போன்லயே அந்த மிஸ்ஸி கிட்ட சொல்லிட்டாங்க, "சாமி மாதிரி மாத்திரை மா, இருவது வருஷ வாயு ரெண்டே நாள்ல எறங்கிடுச்சி, இன்னும் ஒரு பாட்டில் தம்பி கிட்ட கொடுத்து அனுப்பு" ன்னு. இன்னைக்கி காலையில வேலி கிட்ட நின்னு என்னைய கூப்ட்டு, அடுத்த செக்கப் எப்பன்னு கேக்குறாங்க. அவங்களும் காடில ஏறி வராங்களாம்.